மாலை நான்கு மணிக்கு வீட்டில் யார்?

பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்ணிடம் எல்லோரும் தன்னம்பிக்கையைப் பற்றியே பேசுகிறார்கள். அவளுடைய நேரத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம், 1952-ல் நெடுங்காலமாக ஒரு சலுகை இருந்துவந்தது. வேலையை விட்டவர் தன் பி.எஃப். பணத்தை முழுவதுமாக எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்காக வேலையை விட்ட பெண்ணுக்கு அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை. அந்த விதியை யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். நகை நட்டு வாங்க, மண்டபத்துக்கு முன்பணம் கட்ட உதவட்டும் என்ற கரிசனம்தான். ஆனால் கல்யாணம் ஆனால் பெண் வேலையை விடுவாள், விட்டால் திரும்ப மாட்டாள், அதனால் கணக்கை முடித்துக் கையில் கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும் அந்தக் கரிசனத்துக்குள்ளேயே இருந்தது.

அரசுப் பணியில் இது இன்னும் வெளிப்படையாகவே இருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியான அன்னா ராஜம், 1951-ல் தேர்வாகி மதராஸ் மாநிலத்துக்கு வந்தவர். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்பது அன்றைய நியமன நிபந்தனை. அந்த விதி பிறகு மாற்றப்பட்டது. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி.முத்தம்மா இதே மாதிரி விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1979-ல் கடுமையான வார்த்தைகளில் அந்த விதிகளைக் கண்டித்தார். பெண்ணுக்குக் குடும்பம் வந்தால் வேலை கெடும் என்றால் ஆணுக்கும் அப்படித்தானே என்பது அவர் கேள்வி. 45 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்விக்கு நம் வீடுகளும் அலுவலகங்களும் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

யாரும் போடாத உத்தரவு

இன்றைக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் 28 வயதிலிருந்து 35 வயதுக்குள் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் பெண்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று ஒரே வரி இருக்கும். அந்த வரிக்குள் என்னென்னவோ அடங்கியிருக்கும். பிரசவ விடுப்பு முடிந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கணவருக்கு புனேவுக்கு மாற்றல். மாமனாருக்குப் பக்கவாதம். ஷிப்ட் முடிந்து கேப் வீடு வந்து சேர இரவு பதினொன்று.

சிலருக்கு விசாவே தடையாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஹெச்-1பி விசாவில் அமெரிக்கா போனவர்களின் மனைவிகளில் பொறியியல் பட்டதாரிகள் ஏராளம். ஹெச்-4 விசாவில் இருந்த அவர்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 2015 மே மாதத்தில்தான், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவியும் வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதி வந்தது. அதற்குள் பலருக்கு ஆறேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இடைவெளியை அவர்கள் யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

தொழிற்சாலைப் பக்கம் வேறு கதை. இந்தியாவின் ஆலைத் தொழிலாளர் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்கிறது 2019-20 ஆண்டுத் தொழில் ஆய்வு. நாம் பெருமைப்படும் எண் இது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில், திருமணமான பெண்களை அசெம்ப்ளி வேலைக்கு எடுக்காமல் தவிர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆலையின் விவகாரம் எப்படி முடிந்தாலும், ‘கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை இருக்கா?’ என்ற கேள்வி நம் ஊர் ஆள் எடுக்கும் மேஜைகளில் சகஜமாகக் கேட்கப்படுவது எல்லோருக்கும் தெரியும். ஆண்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு: 92. வீட்டு வேலையோடு விறகு, தண்ணீர் சேகரிப்பது, வீட்டுக்குத் தைப்பது போன்றவற்றையும் செய்தால் 93. இரண்டு எண்ணுக்குள் இருப்பவர்களும் உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார்கள். பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-ல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-ல் 41.7 சதவீதமாக உயர்ந்திருக்கிறது என்று அறிக்கைகள் சொல்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் அந்த உயர்வில் பெரும் பகுதி கிராமப்புறச் சுயதொழிலும், குடும்பத்து வயலிலும் கடையிலும் கைமாறு இல்லாமல் உழைப்பதும். பட்டம் பெற்று, நகரத்தில் ஐந்தாறு வருடம் வேலை பார்த்து, பிறகு 92-க்குள் போய்விட்ட பெண் அந்த எண்ணிக்கையில் திரும்பி வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பூஜ்யத்தை ஏற்காத கட்டம்

என் தோழி ஒருத்தி பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனம் ஒன்றில் சாப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவள். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டாள். பெரியவன் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் திரும்ப வேலை தேட உட்கார்ந்தாள். அன்று நான் பக்கத்தில் இருந்தேன்.

ரெஸ்யூமே எழுதுவது அவளுக்குக் கடினமாக இல்லை. படிவம்தான் படுத்தியது. வேலைவாய்ப்புத் தளத்தில் ‘தற்போதைய சம்பளம்’ என்று ஒரு கட்டம், கட்டாயம் நிரப்ப வேண்டியது. பூஜ்யம் போட்டாள். சிவப்பு எழுத்தில் ‘சரியான தொகையை உள்ளிடவும்’ என்று வந்தது. ஒன்று என்று போட்டதும் ஏற்றுக்கொண்டது. அடுத்த கட்டம் ‘நோட்டீஸ் பீரியட்’. எந்த வேலையிலிருந்து? கடைசி நிறுவனத்தின் மூன்று மாத பே ஸ்லிப் கேட்டார்கள். அந்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கி, அதன் பெயரே மாறிவிட்டது. அவளுடைய அலுவலக மின்னஞ்சல் என்றைக்கோ போய்விட்டது. சிபாரிசு சொல்ல வேண்டிய மேனேஜர் கனடாவில். பீரோவில் பத்திரிகை, ஜாதகங்களோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் ரிலீவிங் லெட்டர் மட்டும் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, “இது ஒண்ணாவது இருக்கே” என்றாள்.

அந்தப் படிவத்தை வடிவமைத்தவருக்கு அவள் மேல் பகை கிடையாது. வேலை தேடும் எல்லோரும் இப்போது ஒரு வேலையில் இருப்பார்கள் என்று அவர் நினைத்துவிட்டார், அவ்வளவுதான். மனிதர் கண்ணில் படும் முன்பே சாப்ட்வேர் வடிகட்டிவிடும் காலத்தில் அந்த நினைப்புக்கே பெரிய பலம் வந்துவிடுகிறது. கடைசி வேலை முடிந்த தேதியை வைத்து வடிகட்டினால் அவளுடைய விண்ணப்பம் யார் திரைக்கும் போகாது. லிங்க்ட்இன் 2022-ல் வேலை இடைவெளியையும் பதிவிட ஒரு பகுதி கொடுத்தது. அதுவரை அங்கேயும் அந்த ஆண்டுகளைச் சொல்ல இடம் இல்லை.

நேர்காணல் வரை போனால் ஒரு கேள்வி நிச்சயம்: “இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?” இதற்கு மழுப்பாமல் பதில் சொல்வதே நல்லது. ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஜோனி ஹெர்ஷும் ஜெனிபர் ஷினாலும் செய்த ஆய்வில், இடைவெளிக்கான காரணத்தைத் தானாகவே சொன்ன பெண்களைத் தேர்ந்தெடுக்கப் பலர் விரும்பினார்கள். காரணம் சொல்லாமல் விட்டால் கேட்பவர் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார், அது பெரும்பாலும் மோசமானதாக இருக்கிறது. ‘2013 முதல் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வேலையிலிருந்து விலகியிருந்தேன். இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்’ என்று ரெஸ்யூமேயில் ஒரே வரி போதும். இல்லாத ப்ரீலான்ஸ் வேலையைச் சேர்க்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சரிபார்ப்பில் அது மாட்டும்போது உண்மையான அனுபவத்தின் மீதும் சந்தேகம் விழும்.

ஆனால் எதிர்ப்பக்கத்தின் தயக்கமும் உண்மை. சமூகவியலாளர் கேட் வைஷார் அமெரிக்காவில் ஒரே தகுதி கொண்ட பொய் விண்ணப்பங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பிப் பார்த்தார். 2018-ல் முடிவுகள் வெளிவந்தன. வேலை பறிபோய் அதே அளவு காலம் சும்மா இருந்தவரைவிட, குழந்தைக்காகத் தானே விலகிய தாய்க்கு ஏறக்குறைய பாதி அழைப்புகளே வந்தன. திறமை துருப்பிடித்திருக்கும் என்பது காரணமாக இருந்தால் இருவருக்கும் ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும். ஒருமுறை குடும்பத்தைத் தேர்ந்தவள் மறுபடியும் அதையே தேர்வாள் என்ற சந்தேகம்தான் வேலை கொடுப்பவரைத் தடுக்கிறது. எனவே பத்து ஆன்லைன் கோர்ஸ் முடித்து சான்றிதழ் சேர்த்தாலும் அந்தச் சந்தேகம் முழுக்கப் போகாது. கோர்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. டெஸ்டிங்கில் அவள் விட்டுப்போன கருவிகள் பாதி இன்று புழக்கத்தில் இல்லை, செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது, படிக்கத்தான் வேண்டும். ‘நீங்கள் முதலில் உங்களை நம்புங்கள்’ என்று மேடையில் பேசுபவர்கள் அவள் எதிர்கொள்ளும் சந்தேகம் இன்னொருவர் மனதில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதனால் வேலை கிடைக்காதபோது அவள் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாள். இது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது.

டெட் பாஸ் பண்ணியும்

ஆசிரியப் பணி என்றால் திரும்ப வருவது சுலபம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ‘பி.எட். முடிச்சு வெச்சுக்கோ, எப்ப வேணாலும் போகலாம்’ என்று நம் வீடுகளில் பெண்களைப் படிக்க வைத்ததே அதனால்தான். நடந்ததைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வை, அதாவது டெட் தேர்வை, 2013-ல் எழுதித் தேறியவர்களில் இல்லத்தரசிகள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குப் புத்தகம் எடுத்துப் படித்தவர்கள் அவர்கள். தேறிய பிறகு வெயிட்டேஜ் முறை வந்தது. டெட் மதிப்பெண்ணோடு ப்ளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் கூட்டித் தரவரிசை போட்டார்கள். 1995-ல் ப்ளஸ் டூ முடித்தவரும் 2009-ல் முடித்தவரும் ஒரே அளவுகோலில் நின்றார்கள். அந்தக் காலத்தில் திருத்தும் முறை இறுக்கம், 900 வாங்கினாலே பெரிய விஷயம். பிறகு வந்த ஆண்டுகளில் 1,100 சாதாரணமாகிவிட்டது. டெட் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தும் இருபது ஆண்டுக்கு முந்தைய மார்க் ஷீட் ஒன்றினால் பின்தங்கிய பெண்களின் மனக்கசப்பு இன்றும் ஆறவில்லை. 2018-ல் அந்த முறை கைவிடப்பட்டு, தனியாக ஒரு போட்டித் தேர்வு வேண்டும் என்று ஆனது. அதாவது தேறியவர்கள் மறுபடி எழுத வேண்டும்.

டெட் சான்றிதழுக்கு அப்போது ஏழு ஆண்டுதான் ஆயுள். 2013 சான்றிதழ் 2020-ல் காலாவதி. 2021 ஜூனில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்து, 2011 முதல் தேறியவர்களுக்கும் அதைப் பொருந்தச் செய்தது. வயது வரம்பு இன்னொரு பக்கம் ஆட்டம் காட்டியது. பொதுப் பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று இறக்கி, பிறகு ஐந்து ஆண்டு கூட்டி, 2023-ல் 53, 58 என்று உயர்த்தினார்கள். உயர்த்தியதை மனதார வரவேற்கிறேன். ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகளில் வயதைக் கடந்துவிட்டோம் என்று புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்? தனியார் மெட்ரிக் பள்ளிகளில் கிடைத்த சம்பளத்துக்கு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரின் கீழ் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புபவருக்கு முதலில் தேவை விதி மாறாமல் இருப்பது. ஓராண்டு உழைத்துத் தயாராகும்போது அடுத்த ஆண்டும் அந்தக் கதவு அங்கேயே இருக்கும் என்ற உறுதி வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரர் விதி மாறினால் வேறு தேர்வு எழுதுவார். 42 வயதில், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையோடு போட்டி போட்டுப் படிக்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை.

அறிவியல் ஆராய்ச்சியில் நிலைமை கொஞ்சம் மேல். ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03 முதலே, பணியில் இடைவெளி விழுந்த பெண் விஞ்ஞானிகளுக்கென்று தனித் திட்டங்கள் வைத்திருக்கிறது. அதில் ஒரு பிரிவு காப்புரிமைத் துறையில் பயிற்சி தருவது. அந்தப் பயிற்சி பெற்ற பலர் அறிவுசார் சொத்துரிமை வேலைகளுக்குப் போனார்கள், வீட்டிலிருந்தும் செய்யக்கூடிய வேலை அது. தனியார் துறையில் டாடா குழுமம் 2008-ல் இரண்டாம் பணிவாழ்வுக்கான திட்டத்தைத் தொடங்கியது. சென்னையில் அவ்தார் நிறுவனத்தின் சவுந்தர்யா ராஜேஷ், இந்தியாவில் இந்தப் பேச்சே எழாத காலத்தில் இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கான பணியைத் தொடங்கியவர். அவரே அப்படித் திரும்பியவர். ஜோஹோ நிறுவனம் ‘மறுபடி’ என்ற பெயரில் இந்தப் பெண்களுக்கு மூன்று மாதப் பயிற்சி நடத்துகிறது. நல்ல முயற்சிகள்தான். தேவையோடு வைத்துப் பார்த்தால் மிகச் சிறியவை.

நான்கு மணி

வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது மாலை நான்கு மணி. பள்ளி வேன் அந்த நேரத்துக்குத் தெருமுனையில் நிற்கும். அலுவலகம் ஆறு, ஆறரைக்கு முடியும். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் போய் வருபவர் வீடு சேர எட்டு மணி. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பெரும்பாலான பெண்கள் வேலையை விட்டார்கள். அதற்குப் பதில் கிடைக்காதவரை திரும்பினாலும் நிலைக்க முடியாது.

இந்தியர்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299-ம் 97-ம். ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் ஆன்லைன் மளிகையும் மிச்சப்படுத்திய நேரம் இது. வேலை கைமாறவே இல்லை.

இதில் அரசு செய்யக்கூடியது நிறைய. செய்தும் இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம். மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் சம்பளத்துக்குத் திரும்பிப் போகும் பெண்ணுக்கு பஸ் காசு மிச்சமாவது சின்ன விஷயமில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்குக் காலை நேரத்தில் அரை மணியாவது கொடுத்தது. இவற்றைப் பசித் திட்டம், பயணத் திட்டம் என்றே பேசுகிறோம். பெண்ணை வேலைக்கு அனுப்பும் திட்டங்களாகவும் இவற்றை நான் பார்க்கிறேன். அடுத்து வேண்டியது மாலைக்கு. மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவை அலுவலக நேரத்துக்கு ஈடுகொடுப்பவை அல்ல. நகரப் பகுதிகளிலாவது ஒரு பகுதி மையங்களை, கூடுதல் ஊழியருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்து, இரவு ஏழு வரை திறந்து வைத்தால் எத்தனையோ வீடுகளின் கணக்கு மாறும்.

சட்டம் ஒன்று இருக்கிறது. பேறுகாலப் பலன் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்தவை: 26 வார விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதி. நோக்கம் உயர்ந்தது. ஆனால் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அந்த 26 வாரச் சம்பளத்தையும் முதலாளி தனியாகவே சுமக்கிறார். இதில் ஒரு பொறி இருக்கிறது. பெண்ணை எடுத்தால் செலவு என்று சிறு நிறுவனங்கள் கணக்குப் போடுகின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ம் ஆண்டு உடன்படிக்கை, பேறுகாலச் செலவு தனி முதலாளியின் தலையில் விழக் கூடாது, சமூகக் காப்பீட்டிலிருந்து வர வேண்டும் என்கிறது. அந்த வழிக்கு நாம் போனால் தாய்க்கு நன்மை செய்யும் சட்டமே அவளை வேலைக்கு எடுக்கத் தயங்க வைக்கும் நிலை மாறும்.

2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டிய ஒரு விஷயம் இங்கே மிகவும் பயன்படும். ஆண் பெண் சம்பள வித்தியாசம், எந்த நேரமும் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வேலைகளில்தான் மிக அதிகம். அமெரிக்க மருந்தாளுநர்களை அவரும் லாரன்ஸ் காட்ஸும் ஆராய்ந்தபோது, அங்கே வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருந்தது. நோயாளியின் விவரம் கணினியில் இருக்கிறது, மருந்து தரப்படுத்தப்பட்டிருக்கிறது, ஒரு மருந்தாளுநர் போனதும் இன்னொருவர் அதே இடத்தில் நின்று வேலையைத் தொடரலாம். நான்கு மணி நேரம் வேலை பார்த்தவருக்கும் மணிக்கணக்கில் அதே விகிதம். ‘இந்த வேலையை இவர்தான் பார்க்க வேண்டும், இரவு பத்து மணிக்கும் போன் எடுக்க வேண்டும்’ என்று நம் நிறுவனங்கள் சொல்லும் வேலைகளில் எத்தனை உண்மையிலேயே அப்படிப்பட்டவை? பெரும்பாலானவை எழுதி வைக்காத சோம்பலால் அப்படி ஆனவை என்பது என் அபிப்பிராயம். முறையாகக் கைமாற்றிக் கொடுக்கும் பழக்கம் வந்தால் காலை ஒன்பது முதல் மூன்று வரை வேலை பார்க்கும் பெண்ணுக்கும் கவுரவமான இடம் கிடைக்கும்.

முடியாது என்று நினைத்த இடத்திலும் முடிந்திருக்கிறது. காவல் துறையைவிட நேரம் காலம் இல்லாத வேலை வேறென்ன? 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு மூன்று ஆண்டுகள் பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் வசிக்கும் மாவட்டத்திலேயே பணி தரப்படும் என்று அறிவித்தார். பாட்டி எங்கே இருக்கிறாரோ அங்கே பணி என்பதுதான் அதன் சாரம். பாட்டியை நம்பியே நம் நாட்டின் பெண் உழைப்பு நடக்கிறது என்பதை அரசு அளவில் ஒப்புக்கொண்ட அறிவிப்பு அது. அந்தப் பாட்டிக்கும் மூட்டு வலி உண்டு, மாத்திரை உண்டு, அவரைப் பார்த்துக்கொள்ளவே இன்னும் பத்து ஆண்டில் இதே பெண் மறுபடி வேலையை விட நேரலாம்.

கையெழுத்துப் போடும் முன்

திரும்பும் பெண்களுக்கு இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

பழைய பி.எஃப். கணக்கைத் தேடி எடுங்கள். பணம் போடாமல் விட்டதால் வட்டி நின்றுபோயிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 58 வயது வரை பொதுவாக வட்டி சேரும். 2014-க்கு முன்பே வேலையை விட்டவர்களிடம் யு.ஏ.என். எண் இருக்காது, பழைய பே ஸ்லிப்பில் உள்ள பி.எஃப். எண்ணை வைத்துக் கண்டுபிடித்துப் புதிய எண்ணோடு இணைக்கலாம். அதைவிட முக்கியம் பென்ஷன். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். முன்பு ஆறு ஆண்டு, இப்போது நான்கு ஆண்டு என்றால் இரண்டும் சேர்ந்து பத்து ஆகும், முன்பு பென்ஷன் பணத்தை எடுத்துவிடாமல் இருந்தால். எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்தவர்கள் கெட்டிக்காரிகள். இதை இப்போது வேலையை விடப் போகும் பெண்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

‘முதலில் ட்ரெய்னியாகச் சேருங்கள், பார்க்கலாம்’ என்றால் எத்தனை மாதம், அதன் பின் என்ன பதவி, என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சிச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளும் இடம் உங்கள் அனுபவத்தை மலிவாக வாங்குகிறது. கேட்கத் தயங்கும் பெண்கள்தான் அதிகம். வேலை கொடுத்ததே பெரிய உபகாரம் என்ற நன்றியோடு போய் உட்கார்கிறார்கள். அந்த நன்றி தேவையில்லை.

மூன்றாவது, வீட்டில் பேச வேண்டியது. ஆபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் பேசுங்கள். ‘நீ வேலைக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை’ என்று கணவர் சொல்வது அனுமதி. அதனால் ஒரு வேளைச் சமையலும் குறையாது. செவ்வாய்க்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, அம்மாவை மாதாந்தர செக்-அப்புக்கு யார் கூட்டிப்போவது, மாவு யார் அரைப்பது என்று ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். என் தோழி வேலையில் சேர்ந்த வாரத்தில் முதலில் செய்த காரியம், பிள்ளைகளின் பள்ளி டைரியில் அவசரத் தொடர்பு எண்ணை மாற்றியது. முதல் எண் அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது. மூன்றாம் வாரமே பள்ளியிலிருந்து போன் வந்தது, சின்னவளுக்கு வயிற்று வலி. கணவர் அம்பத்தூரிலிருந்து பெர்மிஷன் போட்டுவிட்டுப் போய்க் கூட்டிவந்தார். இவளுக்கு மதிய மீட்டிங் முடிந்த பிறகுதான் விஷயமே தெரியும்.